கட்டத்துக்குள் அடங்காத மலை

கல்வராயன் மலையின் பரப்பு ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர். கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்களைத் தொட்டுக் கிடக்கிறது. வடபகுதியான சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரம். தெற்கே பெரிய கல்வராயன் 4,000 அடியை எட்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேலேறும் சாலையில் வெள்ளிமலையும் கரியாலூரும் வருகின்றன. அடிவாரத்தில் கோமுகி அணைப் பாசனத்தில் நெல்லும் கரும்பும். மேலே மானாவாரியில் மரவள்ளியும் சாமையும் தினையும். ஒரே நாளில் கீழே வெயிலும் மேலே மழையுமாக இருப்பது அங்கே யாருக்கும் புதிதல்ல.

இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுவதையும் கால் பாகை அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, 1901 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மழையளவைத் தருகிறது. 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகளிலிருந்து கணக்கிட்ட திரட்டு அது. ஆராய்ச்சியாளர்கள் நன்றியோடு பயன்படுத்தும் அரிய உழைப்பு. நம் அட்சரேகையில் ஒரு கட்டம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்டது. அதாவது 750 சதுர கிலோமீட்டர். கல்வராயன் மலை முழுவதும் ஒன்றரைக் கட்டத்தில் அடங்கிவிடும் பரப்பு. கட்டத்தின் கோடுகளோ மலையின் விளிம்பைப் பார்த்துப் போட்டவை அல்ல. ஆகவே கரியாலூரின் மழையும் அடிவார வயலின் மழையும் ஒரே எண்ணாகக் கலந்து வர வாய்ப்பு உண்டு. நிலையம் இல்லாத இடத்துக்கு அக்கம்பக்க நிலையங்களின் அளவு, அருகில் உள்ளதற்குக் கூடுதல் எடை, தொலைவில் உள்ளதற்குக் குறைந்த எடை என்ற முறையில் கணக்கிட்டு நிரப்பப்படுகிறது. அந்த 6,955 நிலையங்களும் எல்லா ஆண்டுகளிலும் இயங்கியவையும் அல்ல.

நிதியியலில் முதுகலை படிக்கும் ஒரு மாணவர், மரவள்ளி விவசாயிகளுக்குக் கொடுத்த கடன்கள் எந்த ஆண்டில் திரும்பி வரும், எந்த ஆண்டில் வராது என்று கணிக்க முனைவதாகக் கொள்வோம். முதலில் இறக்குவது இந்த மழைக் கோப்பைத்தான். திறந்து பார்த்தால் ஒரு நாள்கூட வெற்றிடம் இல்லை. நூற்றிருபது ஆண்டுக்கும் மேலான காலம் வரிசையாக, நிறைவாக நிற்கும். அளந்த எண்ணும் ஊகித்து நிரப்பிய எண்ணும் ஒரே எழுத்துருவில், ஒரே தசமப் புள்ளியோடு இருக்கும்.

தரவு வழி முதலீட்டைக் கற்பிக்கும் வகுப்புகள் பெரும்பாலும் இந்தக் கோப்பு திறந்த பிறகுதான் தொடங்குகின்றன. ரிக்ரெஷன், மெஷின் லேர்னிங், பழைய தரவில் முதலீட்டு விதியைச் சோதிக்கும் பேக்டெஸ்ட் எல்லாம் அதற்கு மேல் வரும். அந்த எண் யாரால், எதற்காக, எந்த நாளில் எழுதப்பட்டது, எழுதப்படாமல் போனவை எவை என்ற கேள்வி ஒரு வாரப் பாடமாகச் சுருங்கிவிடுகிறது, அல்லது பாடத்திட்டத்திலேயே இல்லை. இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும் எவருக்கும், அந்தக் கேள்வியிலிருந்துதான் துறையே பிறந்தது என்பது தெரியும்.

1960இல் மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் லூயிஸ் எங்கல், சாதாரண மக்களுக்குப் பங்குகள் நல்ல முதலீடு என்று விளம்பரம் செய்ய விரும்பினார். அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டும். பங்குகள் நீண்ட காலத்தில் உண்மையில் எவ்வளவு ஈட்டித் தந்தன என்று சிகாகோ பல்கலைக்கழக வணிகப் பள்ளியின் ஜேம்ஸ் லோரியிடம் கேட்டார். லோரிக்கும் தெரியவில்லை, வேறு யாருக்கும் தெரியவில்லை. நிறுவனம் 50,000 டாலர் கொடுத்தது. லோரியும் லாரன்ஸ் ஃபிஷரும் நியூயார்க் பங்குச்சந்தையில் 1926 ஜனவரி முதல் 1960 டிசம்பர் வரை பட்டியலில் இருந்த சாதாரணப் பங்குகள் அனைத்தின் மாதாந்திர விலைகளையும் திரட்டினார்கள். நான்கு ஆண்டுகள் ஆயின. விலையை எடுப்பது எளிய பகுதி. எந்த நிறுவனம் எப்போது ஈவுத்தொகை கொடுத்தது, எப்போது பங்கைப் பிரித்தது, எது எதோடு இணைந்தது, எது திவாலானது, திவாலானபோது பங்குதாரரின் கையில் என்ன மிஞ்சியது என்று ஒவ்வொன்றையும் தேடிச் சரிபார்ப்பதில்தான் காலம் போனது. 1964இல் விடை வந்தது: ஈவுத்தொகையை மீண்டும் முதலீடு செய்திருந்தால், வரி நீங்கலாகக் கணக்கிட, ஆண்டுக்கு ஏறத்தாழ 9 விழுக்காடு.

அந்த 9 விழுக்காட்டை நம்பலாம் என்பதற்குக் காரணம் செத்த நிறுவனங்களும் அதில் இருந்ததுதான். 1960இல் உயிரோடிருந்தவற்றை மட்டும் எடுத்துப் பின்னோக்கிப் பார்த்திருந்தால் எண் பெரிதாக, அழகாக வந்திருக்கும். விளம்பரத்துக்கும் அதுவே உவப்பாக இருந்திருக்கும். சிகாகோவின் அந்தத் திரட்டுத்தான் இன்று உலகமெங்கும் நிதியியல் மாணவர்கள் பயன்படுத்தும் சிஆர்எஸ்பி. பின்னால் வந்த ஃபாமா, ஃபிரெஞ்ச் ஆகியோரின் காரணி மாதிரிகளும், 1993இல் நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் எழுதிய மொமென்டம் கட்டுரையும் அதன் மேல் எழுந்தவை. ஆறு மாதங்களாக ஏறிய பங்குகளை வாங்கி, இறங்கியவற்றை விற்று, அடுத்த ஆறு மாதம் வைத்திருந்தால் 1965 முதல் 1989 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுதல் ஈட்டம் கிடைத்தது என்று காட்டிய கட்டுரை அது. தரவு வழி முதலீட்டில் இன்று புழங்கும் பணத்தின் பெரும்பங்கு ஏதோ ஒரு வகையில் இந்த இரண்டு மூன்று கட்டுரைகளுக்குக் கடன்பட்டது.

அவ்வளவு கவனமாகத் திரட்டியதிலும் ஓட்டை இருந்தது. 1997இல் டைலர் ஷம்வே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: நலிந்து பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட நிறுவனங்கள் பலவற்றுக்கு, நீக்கப்பட்ட மாதத்தின் இழப்பு சிஆர்எஸ்பியில் பதிவாகவே இல்லை. கடைசி வரி வெறுமையாக இருந்தது. கணக்குப் போட்டவர்கள் அந்த வெறுமையைக் கடந்து போய்விட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவரும் வின்சென்ட் வார்தரும் நாஸ்டாக் சந்தைக்கு அந்த வெற்றிடங்களை நிரப்பிப் பார்த்தபோது, சிறு நிறுவனப் பங்குகள் பெரியவற்றைவிடக் கூடுதலாக ஈட்டும் என்று சொல்லப்பட்டு வந்த முடிவு அந்தச் சந்தையில் மறைந்தே போனது. ஒரு முதலீட்டுக் கொள்கையின் அடித்தளம் சில ஆயிரம் வெற்றுச் செல்களாக இருந்திருக்கிறது. இதை முதல் வகுப்பிலேயே சொல்லாத பாடத்திட்டத்தை நான் முழுமையானதாகக் கருதமாட்டேன்.

இந்தியாவில் இப்படிப்பட்ட திரட்டு பின்னால்தான் உருவானது. நரோத்தம் ஷா 1976இல் தொடங்கிய சிஎம்ஐஇ நிறுவனத்தின் ப்ரோவெஸ் தரவுத்தளம் இன்று இந்திய நிதியியல் ஆய்வுகளின் முதன்மை ஊற்று. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களில் நிதிப் பொருளியல் படிப்பவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் சோபேஷ் குமார் அகர்வாலா, ஜோஷி ஜேக்கப், ஜெயந்த் வர்மா ஆகியோர் ப்ரோவெஸ் தரவைக் கொண்டு இந்தியச் சந்தைக்கான நான்கு காரணிகளின் திரட்டை 2013இல் வெளியிட்டு இலவசமாகவும் கொடுத்தார்கள். மறைந்த நிறுவனங்களைச் சேர்த்துத் திருத்தினார்கள். வணிகமே நடக்காத பங்குகளை நீக்கியும் தனியே கணக்குக் காட்டினார்கள். இரண்டு பத்தாண்டுகளை எடுத்துப் பார்த்தால் மொமென்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 22 விழுக்காடும், மலிவான பங்குகளை வாங்கும் வழி ஏறத்தாழ 15 விழுக்காடும் தந்ததாகவும், சிறு நிறுவனம் என்பதற்காக மட்டும் கிடைத்த கூடுதல் பெயரளவுக்கே இருந்ததாகவும் அவர்கள் கண்டார்கள்.

அந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு முடிவு. அமெரிக்க ஆய்வுகள் ஜூன் இறுதியில் பங்குகளை வகைப்படுத்தும். இவர்கள் செப்டம்பர் இறுதியில் வகைப்படுத்தினார்கள். நம் நிறுவனங்களின் கணக்காண்டு மார்ச்சில் முடிகிறது. தணிக்கை செய்த முடிவுகளை வெளியிட இன்றும் 60 நாள் அவகாசம் உண்டு. முழு ஆண்டறிக்கை பங்குதாரர் கைக்கு வர இன்னும் நாளாகும். கோப்பில் ‘மார்ச் 31’ என்று எழுதியிருக்கும் லாபம் மார்ச் 31 அன்று எவருக்கும் தெரிந்திருக்காது. ஏப்ரல் முதல் தேதியில் அந்த எண்ணைப் பார்த்துப் பங்கு வாங்கியதாகக் கணினியில் சோதனை செய்தால், நாளைய செய்தித்தாளை இன்றே படித்தவரின் லாபம் வரும். இதை முன்பார்வைப் பிழை என்கிறோம். மாணவர் ஆய்வேடுகளில் வியக்கத்தக்க ஈட்டம் தென்பட்டால் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

தெரிந்த நாள் மட்டுமல்ல, தெரிந்த எண்ணே பொய்யாகவும் இருக்கலாம். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு, வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். சில நாட்களில் நிஃப்டி அந்தப் பங்கை விலக்கியது. அதற்கு முந்தைய காலாண்டு அறிக்கைகளை அவை வெளியான உருவிலேயே வைத்திருக்கும் எந்தத் தரவுத்தளத்திலும் அந்தப் பணம் இன்றும் பளபளவென்று இருக்கும். அன்றைய முதலீட்டாளர் அந்தப் பொய்யைத்தான் பார்த்தார் என்பதால், பேக்டெஸ்டில் அந்தப் பொய்யையே வைத்திருப்பதுதான் முறை. ஆனால் அது பொய் என்று மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சென்னைக்கே உரிய ஓர் இழப்பும் உண்டு. 1937இல் அமைந்த மெட்ராஸ் பங்குச்சந்தை, செபியின் வெளியேற்றக் கொள்கைப்படி 2015இல் மூடப்பட்டது. வட்டாரச் சந்தைகளில் மட்டும் பட்டியலிடப்பட்டிருந்த சிறு நிறுவனங்கள் பல, விலை உருவாகாத ஒரு தகவல் பலகைக்கு நகர்த்தப்பட்டன. தேசியப் பங்குச்சந்தையின் விலைகளை வைத்து மட்டும் தமிழகத் தொழில்களின் முப்பதாண்டு ஈட்டத்தைக் கணக்கிடுபவர், அந்தச் சிறு முதலாளிகளும் அவர்களை நம்பிய உள்ளூர்ப் பங்குதாரர்களும் இல்லாத ஒரு தமிழகத்தை அளக்கிறார்.

பேக்டெஸ்ட் என்னும் கருவியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயனே இல்லாத இருபது விதிகளைத் தனித்தனியே சோதித்தால், அவற்றில் ஒன்றாவது தற்செயலாக 5 விழுக்காட்டு மட்டத்தில் ‘உண்மை’ போலத் தோன்ற 64 விழுக்காடு வாய்ப்பு. நூறு விதிகளைச் சோதித்தால் அது ஏறக்குறைய உறுதி. கேம்பல் ஹார்வியும் அவருடைய சகாக்களும் 2016இல் வெளியிட்ட கட்டுரையில், ஆய்விதழ்களில் முன்வைக்கப்பட்டிருந்த 316 காரணிகளை எண்ணிப் பார்த்து, வழக்கமான அளவுகோல் இனிப் போதாது என்றார்கள். அதே ஆண்டு மெக்லீனும் பான்டிஃபும் 97 காரணிகளைத் தொடர்ந்து பார்த்தபோது, மூல ஆய்வின் காலத்துக்கு வெளியே ஈட்டம் 26 விழுக்காடும், கட்டுரை அச்சான பிறகு 58 விழுக்காடும் குறைந்திருந்தது. இந்தியாவில் இன்னொரு சிக்கல்: மொமென்டம் ஈட்டத்தின் ஒரு பகுதி, இறங்கும் பங்கை விற்று வைப்பதில் கிடைப்பது. இங்கே கையில் இல்லாத பங்கை ஒரு நாளுக்கு மேல் விற்று வைக்க நடைமுறையில் பெரும்பாலும் ஃபியூச்சர்ஸ்தான் வழி; ஃபியூச்சர்ஸ் உள்ளவை சில நூறு பெரிய பங்குகளுக்குள் அடக்கம். தாளில் கிடைத்த 22 விழுக்காட்டின் ஒரு பகுதி எவர் கைக்கும் எட்டாதது. இவையெல்லாம் நல்ல பாடநூல்களில் இருக்கின்றன, நல்ல ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கவலை அதற்கு அப்பால் தொடங்குகிறது.

பங்குச்சந்தை, எண்கள் அடர்ந்த உலகம். தரவு வழி முதலீடு அங்கே நிற்கவில்லை. கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ ஒரு பெண் குழுவில் சேர்ந்து வாங்கும் சிறுகடன் இன்று முதலீட்டாளர்கள் வாங்கி விற்கும் பத்திரமாகிறது. அந்த மாற்றத்தில் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. 1970இல் தொடங்கிய ஐஎஃப்எம்ஆர், நுங்கம்பாக்கத்தில் இருந்த நிதியியல் உயர்கல்வி நிறுவனம். அதன் பெயரைத் தாங்கி உருவான அறக்கட்டளையின் வழியே ஐஎஃப்எம்ஆர் கேபிட்டல் பிறந்தது. 2018இல் அதன் பெயர் நார்தர்ன் ஆர்க் ஆனது. 2024 செப்டம்பரில் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. நுண்கடன் நிறுவனங்கள் கொடுத்த ஆயிரக்கணக்கான சிறுகடன்களை ஒன்றாகத் திரட்டி, மதிப்பீடு வாங்கி, பத்திரமாக்கி, வங்கிகளுக்கும் நிதியங்களுக்கும் விற்பது அதன் தொடக்ககாலப் பணி. தனியே சந்தைக்கு வர முடியாத சிறு நிறுவனங்கள் பலவற்றின் கடன்களை ஒரே பத்திரத்தில் சேர்த்தும் காட்டினார்கள். இழப்பு வந்தால் முதலில் தாங்கும் அடுக்குகளில் தங்கள் பணத்தையும் போட்டார்கள். இதை மதிப்போடுதான் சொல்கிறேன்: கந்துவட்டியைத் தவிர வேறு கதவு இல்லாத வீடுகளுக்கு முறையான பணம் போக இந்த வழி உதவியிருக்கிறது.

அந்தப் பத்திரத்தை வாங்குபவர் பார்ப்பது ஒரு கோப்பு. தொழில்மொழியில் லோன் டேப். கடன் தொகை, கொடுத்த நாள், தவணை, மாவட்டம், எத்தனை நாள் நிலுவை. பல மாவட்டங்களில் பரவியிருந்தால் ஒன்று சரிந்தாலும் மற்றவை தாங்கும் என்பது மாதிரியின் எடுகோள். 2010 அக்டோபரில் ஆந்திர அரசு நுண்கடன் வசூலைக் கட்டுப்படுத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஏறக்குறைய முழு வசூல் என்று காட்டிய கோப்புகள் சில வாரங்களில் தலைகீழாயின. ஒரு மாநிலம் முழுவதும் தவணைகள் ஒன்றாக நின்றன. அதற்கு முந்தைய தரவில் இதற்கு அறிகுறியே இல்லையா என்றால், இருந்தும் தெரியவில்லை என்பதே சரியான விடை. ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன் வாங்கியவர்கள் ஏராளம். இரண்டு கோப்புகளிலும் ‘நிலுவை நாட்கள்: 0’ என்றுதான் இருக்கும். இரண்டையும் ஒட்டிப் பார்க்க நுண்கடனுக்கான கிரெடிட் பீரோ அப்போது முறையாக இயங்கவில்லை. ரிசர்வ் வங்கியின் மாலேகாம் குழு அறிக்கையும், நுண்கடன் நிறுவனங்களுக்கான தனி விதிகளும், பீரோவும் எல்லாம் 2011இல்தான் வந்தன.

இதே ஐஎஃப்எம்ஆரின் கூரையின் கீழ் இன்னொரு மரபும் வளர்ந்தது. அதன் நுண்நிதி மையம், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, ரேச்சல் கிளனர்ஸ்டர், சிந்தியா கின்னன் ஆகியோரோடு சேர்ந்து ஹைதராபாதின் 104 குடியிருப்புப் பகுதிகளில் கள ஆய்வு நடத்தியது. குலுக்கல் முறையில் பாதிப் பகுதிகளில் நுண்கடன் கிளை முன்னதாகத் திறக்கப்பட்டது, மறுபாதியில் பின்னால். வீடு வீடாகப் போய்ச் செலவு, தொழில், கடன், பிள்ளைகளின் படிப்பு என்று கேட்டு எழுதினார்கள். 2015இல் அச்சான முடிவு நிதானமானது: சிறுதொழில் முதலீடு சற்றுக் கூடியது, சராசரிக் குடும்பச் செலவிலோ பெண்களின் நிலையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. இந்த ஆய்வுக்குத் தேவைப்பட்ட எண்கள் எந்தத் தரவுத்தளத்திலும் காத்திருக்கவில்லை. கேள்வியோடு நடந்து போய்ச் சேகரித்தவை.

ஒரே ஊரில், ஒரே பெயரின் கீழ், ஒரு சாரார் கடன் கோப்பைப் பத்திரமாக்கினார்கள். இன்னொரு சாரார் அந்தக் கடன் வாங்கியவர்களின் வீட்டுக் கணக்கை எழுதினார்கள். தரவு வழி முதலீட்டின் முதுகலை வகுப்பு இந்த இரண்டையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். பெரும்பாலான பாடத்திட்டங்களில் முதலாவது நிதியியல் துறைக்கும் இரண்டாவது வளர்ச்சிப் பொருளியல் துறைக்கும் போய்விடுகிறது. கோப்பை வாங்குபவருக்குக் கோப்பு எழுதப்பட்ட திண்ணை தெரியாமல் போவது அப்படித்தான்.

கல்வராயன் மலையைக் கருதிப் பார்த்தால் இதன் கனம் புரியும். இந்த மலை நெடுங்காலம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் இருந்தது. 1976இல்தான் நேரடி அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. சிஎம்ஐஇ தொடங்கிய அதே ஆண்டு. நாட்டின் நிறுவனங்களை எண்ணத் தொடங்கியபோது, இந்த மலையின் மலையாளிப் பழங்குடி விவசாயிக்குத் தன் நிலத்துக்கு அரசு ஆவணம் கிடைக்கும் பாதையே அப்போதுதான் திறந்தது. வன நிலத்தில் தலைமுறைகளாக உழுதவர்கள் உரிமை கோர 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. 2024இல்கூட, சாலை முதல் குடும்ப அட்டை வரை இந்த மலை மக்களுக்கு எட்டியிருக்கும் அடிப்படை வசதிகளை ஆராயச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

பட்டா இல்லாதவருக்கு வங்கியின் பயிர்க்கடன் கிடைப்பது அரிது. கடன் இல்லாதவருக்குக் கடன் வரலாறு இல்லை. வரலாறு இல்லாதவரை மதிப்பெண் மாதிரி ஆபத்தானவராக வைக்கும், அல்லது கணக்கிலேயே எடுக்காது. மறுக்கப்பட்ட கடன் திரும்பி வந்திருக்குமா என்பதற்கு எந்தக் கோப்பிலும் பதில் இராது; கொடுத்த கடன்களின் விளைவுகள் மட்டுமே பதிவாகும். ஆக மாதிரி தன் பழைய முடிவுகளிலிருந்தே கற்றுக்கொண்டு அவற்றையே உறுதி செய்துகொள்ளும். சிகாகோவில் நலிந்த நிறுவனங்களின் கடைசி வரி வெறுமையாக இருந்தது. இங்கே முதல் வரியே எழுதப்படவில்லை. பிழையின் வகை ஒன்றுதான். அங்கே அதைக் கண்டுபிடித்துத் திருத்த ஆய்வாளர்கள் வரிசையில் நின்றார்கள், ஏனென்றால் திருத்தினால் பணம் உண்டு.

எழுதப்படும் வரியும் எளியதல்ல. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் பிணையில்லாக் கடன் நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. நல்ல விதி. ஆனால் மாத வருமானம் என்ற பெட்டியில் எதை எழுதுவது? மரவள்ளி ஏறத்தாழ பத்து மாதப் பயிர். பணம் வருவது அறுவடையில் ஒரே முறை. இடையில் கூலி, கடுக்காய் பொறுக்கல், வெளியூர் வேலை. பன்னிரண்டால் வகுத்து ஒரு எண்ணை எழுதுபவர் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் களப்பணியாளர். அவருக்குக் கடன் கொடுத்தாக வேண்டிய இலக்கு உண்டு. அந்த எண் பீரோவுக்குப் போகிறது, லோன் டேப்புக்குப் போகிறது, பிறகு ஒரு வகுப்பறையில் விளக்கும் மாறியாகிறது.

மரவள்ளியின் விலையும் அப்படித்தான். ஆத்தூர், சின்னசேலம் வட்டாரங்களின் சேகோ ஆலைகள் கிழங்கை எடைக்கு மட்டும் வாங்குவதில்லை. மாவுச்சத்தைப் பார்த்து ‘பாயிண்ட்’ கணக்கில் வாங்குகின்றன. ஜவ்வரிசியும் மாவும் பெருமளவு சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவின் டெண்டரில் விலை போகின்றன. கிழங்குக்கு ஃபியூச்சர்ஸ் சந்தை இல்லை. பயிர் வளரும் மாதங்களில் பெய்யும் மழை மகசூலைக் கூட்டும். வறட்சிக்குப் பின் அறுவடையை ஒட்டிப் பெய்தால் செடி புதுத்தளிர் விட்டு, கிழங்கில் சேர்த்துவைத்த மாவை இழுத்துக்கொள்ளும், பாயிண்ட் இறங்கும். ஒரே மழை ஒரு மாதம் வருமானத்தைக் கூட்டி இன்னொரு மாதம் குறைக்கிறது. ஆண்டு மழையின் மொத்தத்தை எடுத்துக் கடன் திரும்புதலோடு பொருத்தினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ‘தொடர்பு இல்லை’ என்று விடை வரலாம். மாணவர் அதை நம்பி மழையையே மாதிரியிலிருந்து நீக்குவார். விவசாயியிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் மாதம் மாதமாகப் பிரித்திருப்பார்.

சட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2025இல் இயற்றியது. கடன் விவரங்களை மாதம் இருமுறை பீரோவுக்கு அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதியும் அதே ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 2025க்கு முந்தைய நிலுவை நாட்களும் பிந்தைய நிலுவை நாட்களும் ஒரே நெடுவரிசையில் இருந்தாலும் ஒரே பொருளைச் சொல்வதில்லை. இப்படிப்பட்ட மடிப்புகளைத் தேடி அடையாளப்படுத்துவது புள்ளியியலைப் போலவே பயிற்சி வேண்டும் கலை.

அந்தப் பயிற்சிக்கு ஒரு பருவம் முழுவதையும் ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். சென்னையின் நிதியியல் துறை ஒன்று, மலைவாழ் மக்களுக்கான லேம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கத்தோடும் சில சேகோ ஆலைகளோடும் பேசி, கரியாலூரைச் சுற்றிய ஊர்களின் மரவள்ளிக்கு ஒரு விலைத் தொடரை உருவாக்கட்டும். எடைமேடைச் சீட்டு, பாயிண்ட் அளவு, லாரி வாடகை, இடைத்தரகர் பிடித்தம், முன்பணமாக வாங்கியிருந்தால் அதன் கழிவு என்று ஒவ்வொரு விற்பனையும் ஒரு வரி. உழைத்துத் தகவல் சொல்பவருக்கு அந்தத் தொடரின் பயன் திரும்பப் போக வேண்டும்: பக்கத்து ஊர் என்ன விலை பெற்றது என்பது பேரம் பேசுபவருக்கு மிகப் பெரிய பலம். பெயரும் நில எண்ணும் கோப்புக்குள் நுழையக்கூடாது.

நெடுவரிசைகள் குறைந்தது ஐந்து வேண்டும்: மதிப்பு, அது நிகழ்ந்த நாள், அது நமக்குத் தெரியவந்த நாள், எழுதியவர் யார் தரப்பு, வெற்றிடமாக இருந்தால் ஏன். ஐந்தாவதை நிரப்புவதுதான் கடினம். விற்கவில்லையா, விற்றும் சீட்டு இல்லையா, சீட்டு இருந்தும் காட்ட விரும்பவில்லையா, கிழங்கே தோண்டவில்லையா என்று ஒவ்வொன்றுக்கும் திரும்பப் போய்க் கேட்டாக வேண்டும். பத்து மாதப் பயிர் என்பதால் ஒரு மாணவர் குழு ஓர் அறுவடையைத்தான் முழுதாகப் பார்க்கும். மூன்று குழுக்கள் சேர்ந்தால் மூன்று அறுவடைகள். எந்தக் கடன் மாதிரியையும் நிறுவ அது போதாது. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் மாணவர் அதை அப்படியே எழுதி, எந்த அறுவடையில் எத்தனை வரிகள், எத்தனை வெற்றிடங்கள், அவற்றில் எத்தனைக்குக் காரணம் தெரிந்தது என்று அட்டவணை போடட்டும். தேர்வாளர் அந்த அட்டவணைக்கே பாதி மதிப்பெண் வைக்கட்டும்.